படமும் பேச்சும் பிரிந்த வீடியோ: டிவிடி போட எந்த வழி யாருக்குச் சரி?

போன சித்திரையில் எருத்தேன்பதியிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஒரு பென் டிரைவையும் ஒரு டிவிடியையும் மேசையில் வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எங்கப்பா பேசி முடிச்சு வாயை மூடினதுக்கு அப்புறந்தான் சத்தம் வருதுங்க. அம்மா பாத்துட்டுப் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றார்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம். பொள்ளாச்சி மண்டபம் ஒன்றில் போனிலேயே எடுத்த வீடியோ, ஒரு மணி பத்து நிமிடம் ஓடுகிறது. கடைசியில் அவர் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாலு வார்த்தைதான் அதன் உயிர். மறு வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பழைய பிளேயரில் தட்டைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியும், அவ்வளவுதான். அதனால்தான் டிவிடி. வேறு எங்கோ போட்டு வாங்கிய அந்தத் தட்டில் தொடக்கம் சரியாக இருந்தது. நடுவில் மாலை மாற்றும் இடத்தில் அரை விநாடி பிசகு. அப்பா பேசும் இடத்தில் நாலு விநாடி.

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வதால் ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறு பக்கம் சித்தூர் என்று இரண்டு பக்கத்துக் கல்யாண வீடியோவும் என்னிடம் வருகிறது. தவிலும் வரும், செண்டையும் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருளில் முயன்று, இன்னொன்றை இறக்கி, மூன்றாவதில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள். "எதுங்க நல்ல சாஃப்ட்வேர்?" என்றுதான் கேட்கிறார்கள். என்ன பிசகு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு பிசகுக்கு மருந்தாக இருப்பது இன்னொரு பிசகை இரட்டிப்பாக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த வழி உங்கள் பிசகுக்குப் பொருந்துமா. மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதன் எடைக்கு வராது.

இரண்டாவது, படம் எத்தனை முறை மறுபடி சுருக்கப்படுகிறது. டிவிடிக்குப் போக எப்படியும் ஒரு முறை எம்பெக்-2 (டிவிடிக்கான படச் சுருக்க முறை) ஆக மாற வேண்டும். அதற்கு முன் இன்னொரு முறை சுருக்கினால் முகத்தின் நுணுக்கம் கொஞ்சம் போகும்.

மூன்றாவது நேரம். கம்ப்யூட்டர் தானாக ஓடும் நேரம் வேறு, நீங்கள் கண் வைத்து உட்கார வேண்டிய நேரம் வேறு. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம் என்றால் 4 மணி நேரம்கூடப் பெரிதில்லை.

நான்காவது பணமும் கம்ப்யூட்டரின் பலமும். ஐந்தாவது, கடைசியில் வரும் தட்டு அந்த வீட்டுப் பிளேயரில் ஓடுமா என்பது.

## முதலில் பிசகு எந்த வகை என்று பாருங்கள்

மூல ஃபைலைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து டிவிடியில் மட்டும் கெட்டிருந்தால் குற்றம் மாற்றிய விதத்தில். மூலத்திலேயே கெட்டிருந்தால் மாற்றுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் சரியாக ஓடி, டிவியில் மட்டும் உதடு ஒட்டவில்லை என்றால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். சில டிவிகள் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் படம் பின்தங்கும். தனி ஸ்பீக்கர் செட் இணைத்திருந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அதற்கு டிவியிலோ ஸ்பீக்கர் செட்டிலோ ஆடியோ டிலே என்ற அமைப்பு இருக்கும், அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்து தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பேச்சை வைத்துச் சோதிப்பதைவிட அடியை வைத்துச் சோதிப்பது எளிது. தவிலில் கோல் விழும் கணம், தேங்காய் உடையும் கணம், தாலி கட்டும்போது எழும் கெட்டிமேளம், இவையெல்லாம் நமக்குக் கிடைத்த இயற்கையான கிளாப் பலகைகள். விஎல்சியில் 'கே' விசையை ஒரு முறை அழுத்தினால் சத்தம் 50 மில்லி விநாடி பின்னால் போகும், 'ஜே' அழுத்தினால் அதே அளவு முன்னால் வரும். சரியாக ஒட்டும்வரை அழுத்தி, எத்தனை மில்லி விநாடி என்று மூன்று இடத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் உங்கள் மருந்துச்சீட்டு.

மூன்று இடத்திலும் ஒரே எண் என்றால் அது நிலையான பிசகு. போகப் போகக் கூடினால் வளரும் பிசகு. ஓர் இடம்வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரென்று மாறினால் தாவும் பிசகு.

வளரும் பிசகில் இன்னொரு கேள்வி உண்டு: ஒரே சீராக வளர்கிறதா? சீராக வளர்ந்தால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி என்றால் விநாடிக்கு 30 பிரேம் (அடுத்தடுத்து ஓடி வீடியோவாகத் தெரியும் நிலைப்படங்கள்) ஓட வேண்டியது 29.97-ல் ஓடுகிறது, அல்லது அதற்கு நேர்மாறு. 24-க்கும் 23.976-க்கும் இடையிலும் அதே கணக்குதான். ஒரு மணி நேரத்துக்கு 2 நிமிடம் 24 விநாடி என்றால் 24 பிரேம் படத்தை 25-ல் ஓட்டிவிட்டு, சத்தத்தை அதன் போக்கிலேயே விட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தைத் தொடும் அளவுக்குப் பிசகி, குரலும் கீச்சென்று ஏறியிருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தை, அதாவது விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிந்ததை, மென்பொருள் 48 என்று தவறாகப் படித்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அரை விநாடிக்கும் குறைவு என்றால், தனி ரெக்கார்டரில் எடுத்த சத்தத்தைப் படத்தோடு சேர்த்திருப்பார்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் இம்மியளவு வேறுபடும்.

எருத்தேன்பதி வீடியோவில் நடுவில் அரை விநாடி, கடைசியில் நாலு விநாடி. சீரான வளர்ச்சி என்றால் நடுவில் இரண்டு விநாடி இருந்திருக்க வேண்டும். சீரில்லாமல் வளர்ந்தால் என் சந்தேகம் நேராகப் போனின் மேல்தான் போகும். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தாமாகவே பிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிரேமோடும் அது எப்போது தெரிய வேண்டும் என்ற நேரத்தையும் போன் எழுதி வைக்கிறது, அதனால் போனில் பார்க்கும்போது எல்லாம் ஒட்டியிருக்கும். பழைய மாற்றும் மென்பொருள் அந்த நேரக் குறிப்பைப் படிக்காமல், எல்லாப் பிரேமும் சம இடைவெளியில் இருப்பதாக நினைத்து அடுக்கிவிடும். மண்டபத்தில் விளக்கு மங்கிய இடத்திலிருந்து படம் முந்தி ஓட ஆரம்பித்துவிடும், பேச்சு பின்னால் நிற்கும்.

இதை உறுதிசெய்ய மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, பிரேம் வேகம் மாறுவதா மாறாததா என்று பாருங்கள். படத்தின் நீளமும் சத்தத்தின் நீளமும் தனித்தனியாக அங்கே இருக்கும். இரண்டும் சில விநாடி வேறுபட்டால் அதுவும் ஒரு தடயம்.

எவ்வளவு பிசகைச் சகிக்கலாம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி சத்தம் 45 மில்லி விநாடி முந்தினாலே கண் கண்டுபிடிக்கும். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. இதில் நியாயம் இருக்கிறது. தூரத்தில் செண்டை அடித்தால் கோல் விழுவது முதலில் தெரிகிறது, சத்தம் அப்புறம்தான் காதுக்கு வருகிறது. அதற்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். சத்தம் முந்துவதற்குப் பழகவில்லை. ஆகவே துல்லியமாக ஒட்ட முடியாத இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் பின்னால் விடுங்கள், ஒருபோதும் முன்னால் விடாதீர்கள்.

## வழி 1: சத்தத்தை மட்டும் நகர்த்துவது

ஏவிடெமக்ஸ், எம்கேவி டூல்நிக்ஸ் இரண்டும் இலவசம். படத்தையோ சத்தத்தையோ மறுபடி சுருக்காமல், சத்தத்தை இத்தனை மில்லி விநாடி நகர்த்து என்று சொல்லலாம். ஒரு மணி நேர வீடியோவும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். தரம் துளியும் குறையாது.

நிலையான பிசகுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வளரும் பிசகுக்கு இதைவிட மோசமான வழியும் கிடையாது. கடைசியில் நாலு விநாடி பிசகு என்று நாலு விநாடி நகர்த்தினால் கடைசி சரியாகும், தொடக்கம் நாலு விநாடி கெடும். பலர் நடுவில் பிடித்து இரண்டு விநாடி நகர்த்திப் பார்க்கிறார்கள். இரண்டு முனையும் கெட்டுப்போகிறது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. இந்த மென்பொருள்கள் சத்தத்தை உண்மையில் வெட்டி ஒட்டுவதில்லை. "இது இவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும்" என்று ஃபைலில் ஒரு குறிப்பு எழுதுகின்றன. விஎல்சி அந்தக் குறிப்பை மதிக்கும். டிவிடி ஆக்கும் மென்பொருள் மதிக்காமல் போகலாம். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகி, தட்டில் பழைய பிசகே திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்படி ஆனால் சத்தத்தை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சத்தத்தைத் திறந்து, தொடக்கத்தில் அத்தனை மில்லி விநாடி மௌனத்தைச் சேர்த்தோ வெட்டியோ, வேவ் (சுருக்காத சத்தம்) ஃபைலாகச் சேமித்துப் படத்தோடு இணையுங்கள். அதற்கு அப்புறம் எந்த மென்பொருளும் ஏமாற்றாது.

வேலாவில் (கோயில் திருவிழாவில்) தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்த மேளத்துக்கும் இதே வழிதான். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி நின்றால் 150 மில்லி விநாடி தாமதம். முகம் நிறைய ஜூம் போட்ட படத்தில் அது கண்ணை உறுத்தும். கேமரா இடம் மாறும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நகர்த்த வேண்டும்.

## வழி 2: பிரேம் வேகத்தை நிலைப்படுத்திவிட்டு டிவிடி ஆக்குவது

போன் வீடியோ என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, வீடியோ பகுதியில் பிரேம் வேகம் 25, வேகம் மாறக்கூடாது என்ற தெரிவு, இரண்டையும் வையுங்கள். இந்த இரண்டாவது தெரிவைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அதில் வழக்கமாக இருக்கும் அமைப்பு உச்ச வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும், வேகம் மாறுவதை அப்படியே விட்டுவிடும். தரத்தை உயர்வாக வையுங்கள். இது இடைப்பட்ட ஃபைல்தான், எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை, கடைசியில் அழிக்கப் போகிறோம். ஹேண்ட்பிரேக் பிரேமின் நேரக் குறிப்பைப் படித்து, குறையும் இடத்தில் பிரேமை இரட்டித்து, கூடும் இடத்தில் விட்டு, சமமாக அடுக்கித் தரும். அதை டிவிடி ஸ்டைலர் போன்ற ஒன்றில் போட்டுத் தட்டாக்கலாம்.

எருத்தேன்பதி வீடியோவை இப்படித்தான் சரிசெய்தேன். அப்பா பேசும் இடத்தில் உதடும் சொல்லும் பொருந்தி வந்தன. ஒரு மில்லி விநாடிகூடக் கையால் நகர்த்தவில்லை.

செலவுகள் இருக்கின்றன. படம் இரண்டு முறை சுருக்கப்படுகிறது. ஆனால் டிவிடியின் படம் 720-க்கு 576 புள்ளிதான். போனில் 1920-க்கு 1080 எடுத்ததை அங்கே இறக்கும்போது அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்மையான செலவு அசைவில்தான் இருக்கிறது. 30 பிரேமை 25 ஆக்கினால் விநாடிக்கு 5 பிரேம் போய்விடும். உட்கார்ந்து பேசுபவரிடம் ஒன்றும் தெரியாது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் இடத்திலும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் லேசான தத்தல் தெரியும்.

அது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கிளைவழி இருக்கிறது. நம் நாட்டு டிவி முறை பிஏஎல், 25 பிரேம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி 29.97 பிரேம், படம் 720-க்கு 480. நம் ஊர்ப் பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். ஆகவே 30 பிரேம் போன் வீடியோவை 29.97-ல் நிலைப்படுத்தி என்டிஎஸ்சி தட்டாகப் போட்டால் ஆயிரத்துக்கு ஒரு பிரேம்தான் போகும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பார்க்கப் போகும் டிவி பழைய குழாய் டிவி என்றால் நிறம் வராமல் போகலாம். அந்த வீட்டில் என்ன டிவி என்று கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். எருத்தேன்பதி அம்மா வீட்டில் குழாய் டிவிதான் என்று அக்கா சொன்னதால் பிஏஎல்-லேயே நின்றேன்.

கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து, வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருக்கிறது. பிஏஎல் டிவிடி என்று ஒரு இலக்கைச் சொன்னால் அளவு, பிரேம் வேகம், எம்பெக்-2, 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 (டிவிடிக்கான சத்தச் சுருக்க முறை) சத்தம் எல்லாவற்றையும் தானே அமைத்துக்கொள்ளும். இடைப்பட்ட ஃபைல் தேவையில்லை, ஒரே சுருக்கலில் முடியும். சத்தத்தில் இடைவெளி விழுந்திருந்தால் அதை நேரக் குறிப்புக்கு ஏற்ப நிரப்பச் சொல்லும் வசதியும் உண்டு. பத்துக் கல்யாணம் வரிசையில் நின்றால் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஒரே ஒரு வீடியோவுக்காகக் கற்க வேண்டாம்.

## வழி 3: எல்லாவற்றையும் ஒரே மென்பொருளிடம் விடுவது

ஃபைலை இழுத்துப் போட்டு, மெனு அழகைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் தட்டு. டிவிடி ஸ்டைலர் இலவசம், எஃப்எஃப்எம்பெக்கின் துணையோடு ஓடுவது; ஒழுங்கான ஃபைலைக் கொடுத்தால் ஒழுங்கான தட்டைத் தரும். காசு கொடுத்து வாங்குபவையும் உண்டு. அவற்றின் இலவச மாதிரியில் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும் வழக்கம் இருப்பதால், 70 நிமிடம் ஓடி முடிந்த பிறகு அதிர்ச்சி அடையாமல் இரண்டு நிமிடத் துண்டை வைத்து முதலில் பாருங்கள்.

கேம்கார்டரில் எடுத்தது, டிவி நிகழ்ச்சியாகப் பதிந்தது என்று மூலம் சீராக இருந்தால் இந்த வழியே போதும். மற்ற எதையும் தொட வேண்டாம். மூலத்தில் குறை இருந்தால் பல வருடமாகப் புதுப்பிக்கப்படாத டிவிடி ஃபிளிக் போன்றவற்றில் அந்தக் குறை அப்படியே தட்டில் வந்து இறங்கும். மாறும் பிரேம் வேகம் பரவலாவதற்கு முன் எழுதப்பட்டவை அவை.

பழைய ஏவிஐ ஃபைல்களுக்கும் ஓர் எச்சரிக்கை. உள்ளே எம்பி3 சத்தம் மாறும் பிட் வேகத்தில் (விநாடிக்குச் செலவாகும் தரவின் அளவு மாறிக்கொண்டே) இருந்தால் பிசகு வரலாம். சத்தத்தை வேவ் ஆக மாற்றி, அதையே கொடுங்கள்.

## வழி 4: சத்தத்தை நீட்டுவது, சுருக்குவது

சீராக வளரும் பிசகுக்கு மட்டும். ஆடாசிட்டியில் சத்தத்தின் நீளத்தை, படத்தின் நீளத்துக்குச் சரியாக வரும் சதவிகிதத்தில் மாற்றலாம். அங்கே இரண்டு கருவி இருக்கிறது: சுருதியையும் சேர்த்து வேகத்தை மாற்றுவது ஒன்று, சுருதியை விட்டுவிட்டு நடையை மட்டும் மாற்றுவது இன்னொன்று.

தனி ரெக்கார்டர் கடிகாரப் பிசகு, 3.6 விநாடிப் பிசகு போன்ற சின்ன மாற்றத்துக்கு முதலாவதையே எடுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு சுருதி மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது, ஒலியும் சுத்தமாக இருக்கும். 24 பிரேமை 25 ஆக்கும்போது கதை வேறு. 4 சதவிகிதத்துக்கு மேல் வேகம் கூடுவதால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பேச்சில் பரவாயில்லை. நாகஸ்வரம் வாசித்தவரே வந்து தட்டைக் கேட்டால் அவர் முகம் மாறும். அங்கே சுருதியைக் காப்பாற்றும் கருவியை எடுக்கலாம், ஆனால் தவிலின் அடி கொஞ்சம் மழுங்கும். எதை இழப்பது என்று வீடியோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாகஸ்வரக் கச்சேரி என்றால் நான் சுருதியைத்தான் காப்பாற்றுவேன்.

## வழி 5: எடிட்டிங் மென்பொருளில் துண்டு துண்டாக

தாவும் பிசகுக்கு வேறு வழி கிடையாது. அப்பா காலத்துக் கல்யாண விஹெச்எஸ் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நாடா சுருங்கிய இடத்திலும் பூஞ்சை பிடித்த இடத்திலும் பிரேம்கள் விழுந்துபோகும். அங்கே ஒரு தாவல். கேமரா தானாகவே துண்டு துண்டாகப் பிரித்துச் சேமித்த ஃபைல்களைத் தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சின்னத் தாவல். ஃபைல்களை மாற்றுவதற்கு முன்பே சேர்த்துவிட்டால் இந்த இரண்டாவது தொல்லை வராது.

ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் இரண்டுக்கும் காசில்லை. ஷாட்கட் எளிய கம்ப்யூட்டரிலும் ஓடும். மாறும் பிரேம் வேக ஃபைலைத் திறந்தால், எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். ரிசால்வுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

தாவல் இருக்கும் இடத்தில் சத்தத்தை வெட்டி, அடுத்த அடியோடு ஒட்டும்வரை நகர்த்தி, அங்கிருந்து அடுத்த தாவலுக்குப் போவது. பேச்சின் நடுவில் வெட்டாமல் மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள். சித்தூரிலிருந்து வந்த ஒரு கேசட்டில் மூன்று மணி நேரத்துக்குப் பதினேழு தாவல். இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். இந்த வழியின் செலவு முழுக்க உங்கள் கண்ணும் நேரமும்தான். எல்லா இடத்தையும் சரிசெய்ய நேரமில்லை என்றால் பேச்சு வரும் இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். பந்தி பரிமாறும் காட்சியில் அரை விநாடிப் பிசகை யாரும் பார்க்க மாட்டார்கள்.

## வழி 6: கடையில் கொடுப்பது

நேரமில்லாதவர்களுக்கு நியாயமான வழி. ஆனால் "டிவிடி போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தாளில் குறித்த மூன்று எண்களையும் கொடுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் நிமிடம் எல்லாத் தட்டிலும் சரியாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். கேபிள் போட்டு எடுத்த மூல ஃபைலையோ, டாக்குமென்டாக அனுப்பியதையோ கொடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பொருந்தும் பிசகு | படத் தரம் | உங்கள் நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சத்தத்தை நகர்த்துவது | நிலையானது | குறையாது | சில நிமிடம் | டிவிடி மென்பொருள் குறிப்பைப் புறக்கணிக்கலாம் |
| பிரேம் வேகத்தை நிலைப்படுத்துவது | சீரில்லாமல் வளர்வது, போன் வீடியோ | மிகக் கொஞ்சம் குறையும் | அமைக்கப் பத்து நிமிடம், மீதி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் | 30-லிருந்து 25-க்கு இறங்கினால் அசைவில் தத்தல் |
| ஒரே மென்பொருள் | மூலத்தில் பிசகே இல்லாதது | ஒரே சுருக்கல் | மிகக் குறைவு | மூலக் குறை அப்படியே தட்டில் வரும் |
| நீட்டுவது, சுருக்குவது | சீராக வளர்வது | படம் குறையாது | அரை மணி நேரம் | சுருதி ஏறும், அல்லது தவில் அடி மழுங்கும் |
| எடிட்டிங் | தாவுவது | ஒரு சுருக்கல் கூடுதல் | பல மணி நேரம் | கண் வலி, நல்ல கம்ப்யூட்டர் |
| கடை | எதுவும் | கடையைப் பொறுத்தது | போய் வரும் நேரம் | கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் வாங்கினால் மறுபடி செலவு |

இரண்டு பிசகு சேர்ந்தும் வரலாம். போன் வீடியோவில் வளரும் பிசகும் தொடக்கத்திலேயே 200 மில்லி விநாடி நிலையான பிசகும் இருந்தால் முதலில் வழி 2, அப்புறம் வழி 1. வரிசையை மாற்றினால் நீங்கள் அளந்த எண் பயன்படாது.

டிவிடிதான் வேண்டுமா என்பதையும் வீட்டில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். டிவியில் யுஎஸ்பி துளை இருந்து, ரிமோட்டைக் கையாள யாராவது கூட இருந்தால் நிலைப்படுத்திய எம்பி4 ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது படத்துக்கு நல்லது, ஒரு சுருக்கலும் மிச்சம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. பழகிய பொத்தான் பழகிய பொத்தான்தான்.

## தட்டில் எழுதும்போது

ஏசி-3 சத்தம் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும். டிவிடி வீடியோவின் விதி அது. கல்யாண வீடியோவுக்கு 192 அல்லது 224 கிலோபிட் ஏசி-3 போதும். சுருக்காத சத்தம் ஒன்றரை மெகாபிட்டைத் தின்றுவிடும்.

ஒரு அடுக்குத் தட்டில் 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் போட்டால் படமும் சத்தமும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். ஒரு மணி நேர வீடியோ என்றால் இடம் நிறைய இருக்கிறதே என்று படத்தை உச்ச வரம்பான 9.8 வரை ஏற்றாதீர்கள். பழைய பிளேயர் அந்த வேகத்தில் படிக்கத் திணறும், படம் நின்று நின்று போகும், அது சத்தப் பிசகு மாதிரியே தோன்றும். நான் 7-க்கு மேல் போவதில்லை.

முதல் தட்டை எப்போதும் அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டில் எழுதுங்கள். சில பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூவைப் படிக்காது. அப்போது ஒரு சாதாரணத் தட்டைப் பலிகொடுக்கத்தான் வேண்டும். அதைப் பார்க்கப் போகும் வீட்டுக்கே கொண்டுபோய், அந்த வீட்டுப் பிளேயரில், அந்த வீட்டு டிவியில், கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டுங்கள். எருத்தேன்பதிக்கு நான் அப்படித்தான் போனேன். முதல் தட்டில் உதடு ஒட்டியது, ஆனால் அந்தப் பிளேயர் இரண்டு இடத்தில் திக்கியது. திரும்பி வந்து பிட் வேகத்தை 5-க்கு இறக்கி மறுபடி எழுதினேன். மறுநாள் அக்கா தட்டை வாங்கிப் போனார். சாயங்காலம் போன் பண்ணி, தம்பி வீட்டுக்கு ஒன்று, கோவையில் இருக்கும் சித்திக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு பிரதி கேட்டார்.